கடைசி வீட்டு மடக்கு

டைப்ரைட்டர் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சலூனில் சவரம் செய்துகொண்டு எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, வாசற்படியைத் தாண்டும்போது இல்லாமல் போனார். கத்தி கன்னத்தில் இருந்தவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் கத்தி பிடித்திருந்த சலூன்காரர் அவரை நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சலூன்காரரின் நினைப்பு அடுத்தவர் தலைக்குத் தாவியது. உலகத்தில் மெக்கானிக்கை நினைத்துக்கொண்டிருந்த கடைசி ஆள் அவர்தான். செருப்பு இரண்டும் படியின்மேல் கிடந்தன, ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று கொஞ்சம் திரும்பி. சலூன்காரர் அவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தார். போனவர் மெக்கானிக் என்பதே பிற்பாடு செருப்பில் ஒட்டியிருந்த ரிப்பன் மையைப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான்.

காரணம் ஊருக்கே தெரியும். ஊரில் எல்லாம் ஒரே கணினி மொழியில் எழுதப்பட்டிருந்தது. தண்ணீர் திறந்துவிடுவது, பஸ் கிளம்புவது, பள்ளிக்கூட மணி அடிப்பது, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது எல்லாவற்றையும் அந்த மொழியில் எழுதிய நிரல்கள்தான் பார்த்துக்கொண்டன. சில வருஷங்களில் ஊரும் அந்த மொழியின் விதிப்படி நடக்கப் பழகிவிட்டது. முதலில் பூட்டுகள், பிறகு குழாய்கள், பிறகு மனிதர்கள். உதாரணமாக, ஆரம்பத்திலேயே ‘இது மாறலாம்’ என்று அறிவிக்காத எதுவும் பின்னால் மாறக்கூடாது என்று மொழியில் ஒரு விதி உண்டு. அது வந்த மாதத்திலிருந்து தபால் ஆபீஸின் பச்சைக் கதவுக்கு வேறு வண்ணம் அடித்தால் பெயின்ட் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். சலவைக் கடைக்காரர் ஒருமுறை மழை வரும் என்று சொல்லிவிட்டு, வெயில் அடித்துக்கொண்டிருந்த மூன்று வாரமும் மழை வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஆரம்பத்தில் அறிவிக்கத் தவறிவிட்டார், அவ்வளவுதான்.

இந்த மொழியை உண்டாக்கியவரை ஊர் மொழிக்காரர் என்று கூப்பிட்டது. உண்மையில் அதை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர். ஒரு தெருவின் கடைசி வீட்டில், மூன்றாம் மாடியில், ஒரு கால் குட்டையான சமையலறை மேஜையில் அவரும் அவர் மனைவியும் எதிரெதிராக உட்கார்ந்து எழுதினார்கள். நடுவில் தொட்டில். மொழி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் பேசுவார். அது அப்படி நடக்க வேண்டுமென்றால் இயந்திரத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவள் எழுதுவாள். அவர் பேசியதில் பாதி நடக்காது என்று அவளுக்குத் தெரியும். நடக்கிற மாதிரி மாற்றி எழுதிவிட்டு, அவர் சொன்னபடியே எழுதியதாகச் சொல்லிவிடுவாள். அதனால் குடும்பம் ரொம்ப நாள் அமைதியாக இருந்தது.

அவர்களுக்குள் நிஜமான சண்டை ஒரே ஒரு கேள்வியில்தான் வந்தது. எந்த மொழியைச் செய்தாலும் வந்து நிற்கும் கேள்விதான். ஒரு வேலைக்காக எடுத்துவைத்த பொருளை, வேலை முடிந்ததும் யார் அப்புறப்படுத்துவது? எழுதுகிறவர் பொறுப்பில் விட்டால் அவர் மறந்துபோவார், இயந்திரம் குப்பையால் நிரம்பிவிடும். அல்லது அவசரப்பட்டு, இன்னொருவர் கையில் பிடித்திருப்பதைத் தூக்கி எறிந்துவிடுவார். ஆகவே மொழியே பார்த்துச் செய்ய வேண்டும். எப்படிப் பார்த்து என்பதுதான் கேள்வி.

“ஒரு பொருளை எத்தனை பேர் புடிச்சிருக்காங்கன்னு பாப்போம்” என்றாள் மனைவி. “ஒருத்தராவது புடிச்சிருந்தா இருக்கட்டும். யாருமே இல்லன்னா போகட்டும்.”

“வேண்டாத பொருள் ரெண்டு ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டு நின்னா? வேற யாருக்கும் அதுங்க தேவையே இல்ல. ஆனா உன் கணக்குப்படி போகவே போகாது.”

“இருந்துட்டுப் போகட்டுமே. உங்க மடியிலயா உக்காந்திருக்கு?”

அவர் அன்றைக்குச் சிரித்துவிட்டார். மனைவியின் முறையே மொழியில் ஏறியது, மனிதர்களுக்கு வந்தபோது பிடிப்பது என்றால் நினைப்பது என்று ஆயிற்று. அதனால்தான் டைப்ரைட்டர் மெக்கானிக் போனார், அதனால்தான் வேறு பலர் போகாமல் இருந்தார்கள்.

ஊர் சுலபமாகப் பழகிக்கொண்டது. தனியாக இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் காலையில் போன் செய்து “இருக்கீங்களா?” என்று கேட்டார்கள். போன் செய்ய ஆளில்லாதவர்கள் சண்டை வளர்த்தார்கள். பேக்கரிக்கு மேலே குடியிருந்த ஒரு விதவை, நினைப்பில் இருக்க வேண்டும் என்பதற்காகவே பக்கத்து வீட்டு வாசலில் தினமும் தன் குப்பைக்கூடையைக் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது தெரியும். தான் இல்லாவிட்டாலும் திட்ட வேண்டும் என்று வெளியூருக்குப் போகும்போது தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவார். யாராவது நினைத்தால் புரையேறும் என்பது அங்கே பேச்சுக்குச் சொல்வதில்லை. புரையேறாமல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தவர்கள் மறுநாள் தெருவுக்கு வந்து யார் காலையாவது மிதித்தார்கள்.

மொழி பெரிதானதும் அதற்கு ஒரு குழு அமைந்தது. குழுவுக்கு அதே தெருவின் முதல் வீட்டைக் கொடுத்தார்கள். குளிர்சாதனம், நீள மேஜை, மாடியில் தங்கும் அறைகள். மொழிக்காரர் முதலில் கூட்ட நாட்களில் மட்டும் அங்கே தங்கினார். பிறகு கூட்டம் இல்லாத நாட்களிலும் கூட்டம் இருந்தது. தெரு ஒன்றுதான், நடந்தால் வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகாது. ஆனாலும் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவில் வருஷங்கள் ஓடின. கல்யாணத்தின்போது அவர் ‘மாறலாம்’ என்று எதையும் அறிவிக்கவில்லை என்று மனைவி நம்பிக்கொண்டிருந்தாள். குழு உறுப்பினர்களுக்கு அந்த விதி செல்லாது என்று குழு முதல் கூட்டத்திலேயே தீர்மானித்திருந்தது அவளுக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்கு அவள் வெளியே போகாததும் ஒரு காரணம். மகளுக்கு நாலு பேர் நடுவில் போனால் மூச்சு முட்டும். பள்ளிக்கூடம் இரண்டு வாரம் போனாள், பிறகு போகவில்லை. அவளை விட்டுவிட்டு அம்மாவும் எங்கும் போகவில்லை. பால் பாக்கெட்டைப் பால்காரர் கதவில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போவார். அவர் நினைத்தது ‘மூணாம் மாடிக்கு ஒண்ணு’ என்று மட்டும்தான். வீட்டை நினைப்பது கணக்கில் வராது. மனைவி இன்னும் அதே குட்டைக்கால் மேஜையில் உட்கார்ந்து இயந்திரத்துக்கான வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அந்த முதல் தீர்மானம் தவிர, குழு எதை முடிவு செய்தாலும் அவள் கையால்தான் அது நிஜமாகும். ஆனால் அந்த வேலை வாரக் கடைசியில் கம்பி வழியாகத் தானாகவே குழுவின் இயந்திரத்துக்குப் போய், மொழிக்காரரின் பெயரில் பதிவாகும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். நடுவில் அவர் எதையும் நினைக்கத் தேவையில்லை. மகளின் பிறந்தநாளுக்கும் ஒரு நிரல் எழுதியிருந்தார். ‘என் செல்ல மகளுக்கு, இன்னும் பல ஆண்டுகள் சிறக்க அப்பாவின் வாழ்த்து’ என்று வருஷா வருஷம் அதே நிமிஷத்தில் வரும். மகள் அதற்குப் பதில் எழுதுவதை எட்டு வயதில் நிறுத்தினாள். நிரல் அதைக் கவனிக்கவில்லை.

ஆக, உலகத்தில் அம்மாவை நினைக்க மகள் ஒருத்தி, மகளை நினைக்க அம்மா ஒருத்தி. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நன்றாகவே இருந்தார்கள்.

எதிர்ச் சாரியில் இதேபோல் ஒரு ஜோடி இருந்தது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் தம்பி. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து காலையிலிருந்து சீட்டு விளையாடுவார்கள். தம்பி ஏமாற்றுவான், அண்ணன் கண்டுபிடிப்பார், “அளவெடுக்கும்போதும் இப்படித்தானேடா செஞ்ச?” என்பார். குழுவில் குப்பை அகற்றும் கேள்வி மறுபடி வந்தபோது, மொழிக்காரர் இந்த இருவரையும்தான் உதாரணமாகக் காட்டினார். ஊருக்கு இவர்களால் ஒரு பயனும் இல்லை, ஊரில் யாரும் இவர்களை நினைப்பதும் இல்லை, ஆனால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், இதற்குப் பெயர் கசிவு என்றார். குழுத் தலைவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. புது முறை வந்தது. இனி எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போவதில்லை. வேரிலிருந்து தொடங்க வேண்டும். வேரில் இருப்பவர் யாரை நினைக்கிறாரோ அவர் இருப்பார். அவர் யாரை நினைக்கிறாரோ அவரும் இருப்பார். இப்படித் தொட்டுக்கொண்டே போகும்போது எட்டாதவர்கள் எல்லாம் குப்பை. வேர் யார் என்ற கேள்விக்குக் குழு அதிகம் யோசிக்கவில்லை. குழு உறுப்பினர்கள்தான் வேர் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

சோதனை எதிர்ச் சாரியில் நடந்தது. மனைவி ஜன்னலோரம் நின்று மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு சீட்டை ஓங்கிப் போட்டார். சீட்டு மேஜையில் விழுந்தது, கை வரவில்லை. தம்பியின் சீட்டுகள் விசிறிபோல் சற்று நேரம் காற்றில் நின்று, பிறகு உதிர்ந்தன. அதில் ஒன்று தெருவுக்கு வந்து விழுந்தது. அம்மாவும் மகளும் அவர்களைத் தினமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இவர்களையே வேரிலிருந்து யாரும் தொடவில்லை. எனவே இவர்கள் நினைத்தது அவர்களுக்கு உதவவில்லை.

“நம்ம பக்கம் எப்பம்மா?” என்று கேட்டாள் மகள்.

“அடுத்த திங்கள். பத்து மணிக்கு.” அவளுக்குத் தெரியும். அந்த முறையை இயந்திரத்துக்குள் எழுதியதே அவள்தான். எழுதச் சொல்லி வந்திருந்தது. எழுதாவிட்டால், வெளியிலிருந்து அரைகுறையாக எழுத ஆள் தயாராக இருந்தது. அரைகுறையாக எழுதினால் பாதி ஆட்கள் பாதியாகப் போவார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணன் தம்பியின் சீட்டுகள் விழுந்த பிறகு அந்தச் சமாதானம் அவளுக்குப் போதவில்லை. போன் செய்தாள்.

“நான்தான்.”

“எந்த நான்தான்?”

“உங்க பொண்ணோட அம்மா.”

மறுபக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “ஓ. சொல்லு சொல்லு. மீட்டிங்ல இருக்கேன்.”

“எதிர்வீட்டு அண்ணன் தம்பி போயிட்டாங்க.”

“ஆமா, டெஸ்ட் சுத்தமா வந்திருக்குன்னு சொன்னாங்க.”

“எங்களை நினைக்க உங்களை விட்டா ஆள் இல்லைங்க. நீங்க வேர்ல உக்காந்திருக்கீங்க. தினம் ஒரு தடவை, பல்லு விளக்கும்போதாவது, நினைச்சுக்கங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“அவ்ளோதானே? இதுக்கு எதுக்கு இவ்ளோ இழுக்கற? ஒரு புரோகிராம் எழுதி விட்டுடறேன். தினம் காலைல ஆறு மணிக்குத் தானா நினைச்சுக்கும்.”

“புரோகிராம் நினைச்சா கணக்குல வராது. அந்த விதியைப் போட்டதே நீங்கதான்.”

“அப்படியா போட்டிருக்கோம்?” அவர் யாரிடமோ ஏதோ கேட்டார், யாரோ ஆமாம் என்றார்கள். “சரி, நானே நினைச்சுக்கறேன். வெச்சிடட்டா? தலைவர் பாக்கறாரு.”

மறுநாள் காலை அவளுக்கு இரண்டு தடவை புரையேறியது. அடுத்த நாள் ஒரு தடவை, அதுவும் சும்மா தொண்டை கமறினாற்போல. மூன்றாம் நாள் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் அப்படித்தான். டைபாய்டில் படுத்திருந்தபோது ராத்திரி பகலாக யார் ஈரத்துணி போட்டார்கள் என்பதை எழுந்து நடமாடிய வாரத்திலேயே மறந்துவிட்டார். ஆனால் கல்லூரியில் படித்தபோது பஸ் நிறுத்தத்தில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போனவனின் சட்டை நீலக் கோடு போட்டது என்று இருபது வருஷம் கழித்தும் சொல்வார். நன்றி அவரிடம் தங்காது. எரிச்சல் தங்கும். அவர் நினைப்பில் நிலையாக உட்கார வேண்டுமென்றால், அன்பாகப் போய் உட்காரக்கூடாது.

அவளுக்கு ஒரு இடம் தேவைப்பட்டது, குழுவே அதைத் திறந்து வைத்திருந்தது. பங்கீடு பற்றிய விதியை அவர்கள் முடிக்கவே இல்லை. ஏழு பொருளை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு, மீதி ஒன்றை என்ன செய்வது? தூக்கிப் போடு என்றார் ஒருவர். பங்கிடவே கூடாது, தவறு என்று கத்த வேண்டும் என்றார் இன்னொருவர். தலைவரிடம் கொடுக்கலாமே என்றார் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். பல கூட்டங்கள் இதிலேயே போயின. கடைசியில் டீ வந்தது. ‘இது அவரவர் வசதிப்படி’ என்று எழுதிவிட்டு எழுந்தார்கள். மொழி செய்கிறவர்கள் மட்டுமே செய்யும் தவறு இது. சொல்லாமல் விட்டதை, முடிவு செய்யாமல் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி எதுவும் கிடையாது. இயந்திரம் ஏதாவது ஒன்றைச் செய்துதான் ஆக வேண்டும். அது என்ன செய்கிறதோ அதன்மேல் நாலு பேர் சாய்ந்துகொண்டால், பிறகு அதுதான் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அதை எழுதினாள். மீதி எதுவானாலும், வரிசையில் கடைசியாக இருப்பவருக்கு. நாலைந்து வரிதான் ஆயிற்று.

“என்னம்மா எழுதற?”

“உங்கப்பாவுக்கு ஒரு முள்ளு.”

“குத்துமா?”

“தினம் குத்தணும். அவர் கை எட்டாத எடத்துல குத்தணும்.”

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்ல சாப்பாடு செஞ்சு அனுப்பினா நினைக்க மாட்டாராம்மா?” என்று கேட்டாள்.

“சாப்பாட்டை நினைப்பார், கண்ணு.”

திங்கள் காலை விடிந்ததும் அந்தப் புது வரிகள் குழுவின் இயந்திரத்தில் ஓடத் தொடங்கின. ஊருக்குள் மீதி எல்லாம் இடம் மாறியது. தெருவின் தண்ணீரைப் பங்கிட்டு மிஞ்சியது கடைசி வீட்டுத் தொட்டிக்குப் போனது. தையல்காரர் வெட்டிய துணியில் எஞ்சிய துண்டுகள் அவர் காலடியிலிருந்து காணாமல் போயின. ஒன்பதரை மணிக்குக் குழுவுக்கு டீ வந்தது. டீக்காரம்மா கோப்பைகளை வைத்துவிட்டு நின்றாள். எல்லோரும் குடித்தார்கள். கடைசி மடக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போது இருந்தது, சாய்க்கும்போது இல்லை. “கம்மியா ஊத்திட்டியாம்மா?” என்று தலைவர் கேட்டார். “நான் வழிய வழியத்தான் ஊத்தினேன், உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு” என்றாள் டீக்காரம்மா. மொழிக்காரர் மட்டும் கோப்பையின் காய்ந்த அடியைப் பார்த்தார். அவருக்கு டீயில் கடைசி மடக்குதான் முக்கியம், சர்க்கரை முழுதும் அங்கேதான் நிற்கும். எழுந்துபோய் இயந்திரத்தைத் திறந்து பார்த்தார். நாலைந்து வரி. கடைசியில் நிற்பவருக்கு அந்த வரிகளில் ‘கண்ணு’ என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைக்கிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

“சனியனே” என்றார். மெதுவாகத் தொடங்கி, பிறகு அவளைக் கட்டிய நாள், அவள் மூக்கு, அவள் பிடிவாதம், அவள் அந்த மேஜையில் எதிரே உட்கார்ந்து ‘இருந்துட்டுப் போகட்டுமே’ என்று சொன்ன தோரணை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினார். சுவர்க் கடிகாரம் பத்து அடித்தபோது அவர் வசவின் நடுவில் இருந்தார்.

கடைசி வீட்டில் மனைவி தண்ணீர்த் தம்ளரோடு காத்திருந்தாள். கடிகாரம் பத்து அடிக்கும்போது வாயில் ஊற்றினாள். கண்ணில் நீர் வரும்படி புரையேறியது. மகள் ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினாள். தட்டிய கை தலையில் பட்டது. தலையும் இருந்தது, கையும் இருந்தது. சமையலறை மேஜையில், யாரும் வைக்காத ஒரு கிண்ணத்தில், குழுவின் டீ ஒரு கிண்ணம் அளவுக்குச் சேர்ந்திருந்தது.

அன்று ஊரில் போனவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கிளி வளர்த்த கிழவரும் அவரை மட்டுமே நினைத்த அவருடைய சம்சாரமும் போனார்கள், கிளி இருந்தது. விடுதி அறையில் ஒன்றாகத் தங்கியிருந்த இரண்டு நண்பர்கள் போனார்கள். பேக்கரி மாடி விதவை இருந்தாள். அவள் குப்பையால் அவதிப்பட்டவரின் தம்பி, டீ நேரத்தில் குழு நினைக்கும் டீக்காரம்மாவிடம் புலம்பியிருந்தான். தெருவைப் பெருக்குகிறவர்கள் மத்தியானத்துக்குள் செருப்புகளை எடுத்துவிட்டார்கள்.

மொழிக்காரர் அந்த வரிகளை அன்றைக்கே அழித்திருக்கலாம். ஆனால் அழிக்கக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அவற்றை எழுதியது யார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையெல்லாம் எழுதியது யார் என்ற கேள்வி வரும். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் தலைவர் வந்து அவர் முதுகில் தட்டினார். ஊரில் எல்லாத் தெருக்களிலும் கடைசி வீடுகளுக்கு முதல் தடவையாகத் தண்ணீர் முழுசாக வந்திருப்பதாகவும், கடைசி மனிதனையும் மறக்காத மனசு யாருக்கு வரும் என்றும் சொன்னார். மொழிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு வருஷங்கள் போயின. கடைசி வீடுகள் மீதியை நம்பிப் பழகின. மூன்று தடவை குழு அந்த விதியை எடுக்கப் பார்த்தது. மூன்று தடவையும் கடைசி வீட்டுக்காரர்கள் முதல் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். விதியை எடுத்தால் எந்தெந்த நிரல் நின்றுபோகும் என்று பார்க்கப் போனவர்கள் பார்த்து முடிக்கவே இல்லை. தவறோ சரியோ, அதன்மேல் ஊர் கட்டப்பட்டுவிட்டது. மொழிக்காரருக்கு ‘கடைசி மனிதனின் தோழர்’ என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். மேடையில் இரக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பேச்சின் கடைசி வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. அது கடைசி வீட்டுச் சமையலறையில் கேட்டது. “நன்றி வணக்கம்னு சொல்றாரும்மா” என்றாள் மகள்.

அவர் அந்த முள்ளை எடுக்க என்னென்னவோ செய்தார். ஒரு மடக்கைத் தானாகவே மிச்சம் வைத்துப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த மடக்கு போனது. ஒரே மூச்சில் குடித்தார், தொண்டையோடு நின்றது. டீயைக் கொஞ்ச நாள் விட்டார். பற்பசையின் கடைசிப் பிதுக்கல், தூக்கத்தின் கடைசிக் கால் மணி, துப்பறியும் நாவல்களின் கடைசி அத்தியாயம் என்று ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. அவருக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். கொலைகாரன் யார் என்று ஒரு கதையில்கூடத் தெரியாமல் கிழவரானார். கடைசி வீட்டில் மகள் எல்லாக் கொலைகாரர்களையும் தெரிந்து வைத்திருந்தாள். யாரைக் கொன்றார்கள் என்றுதான் அவளுக்குத் தெரியாது.

ஒரு தடவை மட்டும் நிலைமை மோசமானது. கோபம் இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி, மொழிக்காரர் மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவர் கெட்டிக்காரர். வகுப்புகள் கூடக் கூட மொழிக்காரர் சாந்தமானார். காய்ந்த கோப்பையைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்த வாரம் கடைசி வீட்டில் மனைவி பாத்திரம் தேய்க்கும்போது கைக்குள்ளே குழாய் தெரிந்தது. மகளின் முதுகு வழியாகச் சுவரில் இருந்த எண்ணெய்க் கறை தெரிந்தது. இருவரும் கட்டிலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிடித்தால் கை உள்ளே போனது.

“அம்மா, அவர் நம்மளை மன்னிச்சிட்டாரா?”

“அப்படித்தான் தெரியுது” என்றாள் அம்மா. “பாவி.”

வகுப்பு முடிவில், எல்லோரையும் மன்னித்துவிட்டதாக ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மொழிக்காரர் எழுந்து, “நான் எல்லோரையும்” என்று தொடங்கினார். கடைசி வார்த்தை வாயை விட்டு வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார், வரவில்லை. வகுப்பில் ஒருவர் சிரித்தார். ‘மன்னித்துவிட்டேன்’ என்ற வார்த்தை கடைசி வீட்டுக் கட்டிலுக்கு மேலே இரண்டு தடவை ஒலித்து அடங்கியது. அதை அடுத்து ஏறிய புரையில் அம்மாவால் மூச்சு விட முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மகளின் முதுகில் கறை தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

இப்போது மொழிக்காரருக்கு வயதாகிவிட்டது. குழு அவரைக் கௌரவ வேராக வைத்திருக்கிறது. நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறது. மொழியை மறந்தார், பட்டத்தை மறந்தார், மேஜை என்றால் என்ன என்று கேட்கிறார். தனக்கு ஒரு மனைவி இருந்ததும் மகள் இருந்ததும் அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவள் சொல்வதாவது: காலையில் டீ கொடுத்தால் ஐயா அமைதியாகக் குடிப்பார், கோப்பையின் அடியைப் பார்த்ததும் முகம் சிவந்து, “அவதான்” என்பார். யார் என்று கேட்டால் தெரியாது. பெயர் இல்லை, முகம் இல்லை. கோபம் மட்டும் புதுசாக இருக்கும்.

அது போதுமானதாக இருக்கிறது. அவருக்கு முகம் மறந்த மாதத்திலிருந்து அம்மாவுக்குக் கண்ணாடியில் முகம் தெரிவதில்லை. கழுத்துக்கு மேலே கலங்கல்தான். மகளுக்கும் அப்படியே. ஒருத்தி முகம் இன்னொருத்திக்கு மட்டும் தெரியும், எனவே ஒருத்திக்கு ஒருத்தி பொட்டு வைத்துக்கொள்கிறார்கள். “என் மூக்கு எப்படிடி இருக்கு?” என்று அம்மா எப்போதாவது கேட்பாள். “இருக்கு. அதுவே பெருசு” என்பாள் மகள். அவர் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருநாள் மகள் கேட்டாள். குழுவில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதெது எரிச்சல் என்று விசாரிக்க வேண்டும் என்றாள் அம்மா.

நர்ஸ் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். அதனால் இப்போதெல்லாம் கடைசி வீட்டுக்கு வரும் மடக்கில் இனிப்பு இல்லை. அம்மாவும் மகளும் அதைப் பாதிப் பாதியாகக் குடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேலைக்கு உட்காருகிறார்கள்.